யாரை விடமாட்டேன்?

தாராவி
14 ஜூன் 2025

ஜெயகணேஷுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. தம்பி என்று எழுதவும் வரவில்லை. அதனால் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஜெயிலில் உன்னைப் பார்க்க முலாகாத்துக்கு வரச்சொல்லி வக்கீலம்மா ஷ்ருதியிடம் சொல்லி அனுப்பினாயாமே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், காதில் போன். உன் குரல் கேட்டால் அந்தப் போனை அங்கேயே போட்டு உடைப்பேன். சர்க்கார் சொத்துக்குச் சேதம் என்று என்னையும் உள்ளே வைப்பார்கள். எதற்கு வம்பு? எழுதியே கேட்கிறேன்.

உன் அத்தான் இன்னும் கண் திறக்கவில்லை. இதயத்தில் ஓட்டை என்றார்கள். நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, தோலில் ஓட்டை போடும் குத்தூசியை வெளியே எடுத்து, தைத்திருக்கிறார்கள். வாயில் குழாய், கழுத்தில் குழாய், விலாவில் குழாய். மெஷின் மூச்சுவிடுகிறது. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அவர் மூச்சு இல்லை அது என்று தெரிந்தும் நிற்கிறேன்.

பட்டறையை மான்குர்த்துக்கு மாற்றலாம் என்று அவர் சொன்னதும், நீ மாட்டேன் என்றதும், அதற்காக ஒரு வாரமாக இரண்டு பேரும் கத்தியதும் இந்தச் சந்து முழுக்கத் தெரியும். பை தைக்கிற பட்டறைக்குச் சண்டை போடுவதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆண்பிள்ளைகள் கத்தட்டும், பசித்தால் இறங்கி வருவார்கள் என்று கீழே துணி அலசிக்கொண்டிருந்தேன். மேலே பட்டறையில் தொப்பென்று சத்தம். இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்தால் அவர் தோல் கட்டுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். இடது நெஞ்சில் குத்தூசி, பிடி மட்டும்தான் வெளியே தெரிகிறது. அந்தப் பிடியில் உன் கை. அவர் கைமேல் உன் முழங்கால்.

நான் ஓடிவந்து பிடியைப் பற்றி இழுக்கப் பார்த்தேன். நீ என்னை எட்டி உதைத்தாய். கூடப் பிறந்தவளை. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “விடமாட்டேன், விடமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். என் காதால் கேட்டேன். போலீஸில் அப்படியே சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். குத்தியதுதான் குத்தினாய், கோபத்தில் கை ஓங்கிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் பிடுங்க வந்தவளை ஏன் உதைத்தாய்? அவர் சாகிறவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவ்வளவு வெறியா?

தங்கமயில்

*

23 ஜூன் 2025

அக்காவுக்கு,

நீ தம்பி என்று போடாவிட்டாலும் நான் அக்கா என்றுதான் போடுவேன். இதற்கு நீ உதைக்க முடியாது.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஜெயில் ஆபீஸில் தமிழ்க் கடிதத்தைப் படித்துச் சோதிக்க ஆள் இல்லை. கடைசியில் எங்கள் பாரக்கில் இருக்கிற ஷாகுல் ஹமீது பாயைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது, நீ நன்றாகக் கொடுத்திருக்கிறாய் என்று.

கை எப்படி இருக்கிறது? உதைத்தது தப்புதான். எனக்கு இருந்தது இரண்டு கை, இரண்டும் வேலையாக இருந்தன. கால்தான் சும்மா இருந்தது.

அக்கா, அதைப் பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் சிநேகிதன் வெங்கியின் ஸ்கூட்டரை நான் இரவல் வாங்கிப்போனேனே, மாட்டுங்கா சர்க்கிள் பக்கத்தில் டயரில் ஆணி ஏறிவிட்டது. குனிந்து பிடுங்கப் போனேன். பூக்கடைக்காரர் கத்தினார், “எடுக்காதீங்க, அப்படியே ஓட்டிண்டு போங்க” என்று. ஆணியோடு சயான் வரை ஓட்டினேன். பங்க்சர் கடையில் அதை எடுத்த மாத்திரத்தில் டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நெஞ்சும் டயரும் ஒன்றா என்று கேட்பாய். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

அந்தப் பிடி துள்ளியது அக்கா. நான் ஆட்டவில்லை. அத்தானின் இதயம் அடிக்க அடிக்க அதுவாகத் துள்ளியது. என் உள்ளங்கையில் வந்து வந்து தட்டியது. உள்ளேயும் போகக் கூடாது, வெளியேயும் வரக் கூடாது, ஆடவும் கூடாது என்று சுற்றித் துணியை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அத்தானுக்கு வலி தாங்காமல் அவரே பிடுங்கப் பார்த்தார். அதனால்தான் அவர் கைமேல் முழங்காலை வைத்தேன். விடமாட்டேன் என்றது பிடியை. கையை எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அத்தானை விடமாட்டேன், போகவிடமாட்டேன் என்றும் சொல்லியிருப்பேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நிச்சயமில்லை. பயத்தில் வாய் அதுபாட்டுக்கு ஓடியது.

ஸ்டேஷனில் உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். மராட்டியில் எழுதியிருந்தது. “துலா சோடணார் நாஹி.” உன்னை விடமாட்டேன். நான் ‘உன்னை’ என்று சொன்னேனா? நீ நன்றாக யோசித்துப் பார்.

குத்தூசி யார் கையில் இருந்தது, எப்படி இறங்கியது என்று நான் எழுத மாட்டேன். அத்தான் எழுந்து சொல்லட்டும்.

தம்பி ஜெயகணேஷ்

*

தாராவி
28 ஜூன் 2025

ஜெயகணேஷுக்கு,

டயர் கதை நன்றாக இருக்கிறது. ஜட்ஜிடம் சொல், அவரிடமும் ஸ்கூட்டர் இருக்கும்.

யார் கையில் இருந்தது என்று எழுத மாட்டாயாம். ஏன், எழுதினால் மை தீர்ந்துவிடுமா? உன் மேல் தப்பில்லை என்றால் முதல் வரியிலேயே அதை எழுதியிருப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா? சின்ன வயதில் ஒரு கிளாஸ் உடைந்தால்கூட, நீ உடைக்காத அன்றைக்குத்தான் தெருவே கேட்கிறமாதிரி “நான் இல்லை, நான் இல்லை” என்று கத்துவாய். உடைத்த அன்றைக்கு வாய் திறக்க மாட்டாய்.

பக்கத்து வீட்டு ஷைஸ்தாவும் ஏணியில் நின்று பார்த்திருக்கிறாள். தமிழ் தெரியாததால் நீ சொன்னது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாளாம்.

உன் அத்தான் நேற்று கண் திறந்தார். நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று குழாயை இன்னும் எடுக்கவில்லை, பேச முடியாது. நான் குனிந்து, “யாருங்க குத்துனா? என் தம்பியா? ஆமான்னா என் கையை அமுக்குங்க” என்று கேட்டேன். அமுக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஏன் திரும்பிக்கொண்டார்? உன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமலா? எனக்கு எதைக் கேட்கப் பயமாக இருக்கிறது என்றே தெரியவில்லை.

தங்கமயில்

*

4 ஜூலை 2025

அக்கா,

தொண்டையில் குழாய் இருக்கிற மனுஷனிடம் போய்ச் சாட்சி விசாரிக்கிறாயே, நீ போலீஸைவிட மோசம். அவரை அழவைக்காதே. அழுதால் தையல் வலிக்கும்.

என்னை நம்ப வேண்டாம். நெஞ்சைத் திறந்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேள். அந்த ஊசியை வீட்டிலேயே பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் “ஒன்றும் ஆகியிருக்காது” என்று சொன்னால், இனி நீ எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

ஜெயகணேஷ்

*

தாராவி
10 ஜூலை 2025

தம்பி,

போட்டுவிட்டேன். அந்தத் ‘தம்பி’யைத்தான். மேலே படி.

அறுவை செய்தவர் பத்மஜா டாக்டர். மாட்டுங்காக்காரர், தமிழ்தான் பேசுகிறார். இத்தனை நாளாக நான் அவரிடம் “பிழைப்பாரா, பிழைப்பாரா” என்பதைத் தவிர எதையும் கேட்டதில்லை. திங்கட்கிழமை ரவுண்ட்ஸுக்கு வந்தபோது நீ எழுதியதைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“என்னம்மா இப்படிக் கேக்கறேள்? ஊசி போட்ட ஓட்டையை அந்த ஊசியேதான் அடைச்சிண்டிருந்தது. அங்கேயே பிடுங்கியிருந்தா டாக்ஸி ஏறற வரைக்கும்கூட இருந்திருக்க மாட்டார். நாங்களே நெஞ்சைத் திறந்து, சுத்தித் தையலைப் போட்டுத் தயாரா வச்சிண்டு, அப்புறம்தான் வெளியே எடுத்தோம். ஏற்கெனவே இதயத்தைச் சுத்தியிருக்கற பையில ரத்தம் கட்டி இறுக்கிண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா அதுவே நிறுத்தியிருக்கும்.”

பிறகு அவரே கேட்டார், “அதைப் பிடிச்சிண்டே வந்தாரே, அவர் யாரு? ஸ்ட்ரெச்சர்லயும் கையை எடுக்கலை. தியேட்டர் வாசல்ல நர்ஸ் அவர் விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தா. அப்புறம் ஆளைக் காணலையே. நான் பார்க்கணும்னு நினைச்சிண்டிருந்தேன்.”

“என் தம்பி டாக்டர். உள்ள இருக்கான்.”

“உள்ளேன்னா?”

“ஜெயில்ல.”

அவர் கையிலிருந்த பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மராட்டிக்காரம்மா, என் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று நினைத்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

உன் அத்தானுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று வருகிறது. முதலில் தண்ணீர் கேட்டார். அடுத்தது, “ஜெயகணேசு எங்க?” நான் சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார். நர்ஸ் ஓடிவந்து அமுக்கினாள்.

“ஏட்டி, கூறுகெட்டவளே! ஊசி என் கையிலதான இருந்துச்சு. கோவத்துல அவன குத்த ஓங்குனேன். நான்தான் ஓங்குனேன். அவன் தள்ளுனான். தோலு கட்டு தடுக்கி குப்புற விழுந்தேன். என் கையில இருந்தது என் நெஞ்சுலேயே ஏறிட்டு. அவம்லா என்னைப் புரட்டிப் போட்டு உசுரப் புடிச்சிட்டு இருந்தான். அவனப் போயா புடிச்சுக் குடுத்த?”

இதைத்தான் நீ எழுத மாட்டேன் என்றாயா? பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடக்கிறவரைப் பற்றி, உன் புருஷன்தான் என்னைக் குத்த வந்தார் என்று எழுத மனம் வரவில்லை, அப்படித்தானே? பெரிய தியாகி. உன்னை இன்னொரு உதை உதைக்க வேண்டும்போல இருக்கிறது. உன் காலைப் பிடித்து அழ வேண்டும்போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் நீ இங்கே இல்லை.

நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். என் வாக்குமூலத்தை எழுதிய ஹவல்தாரே இருந்தார். அன்றைக்கு நடந்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. “விடமாட்டேன்னு சொன்னான்” என்பதை அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் “கிஸ்கோ?” என்று கேட்டார். யாரை? நீ யாரை என்று சொல்லவே இல்லையே. நான் உன் அத்தானின் ரத்தம் பட்டிருந்த என் சேலையைக் காட்டி “இன்கோ”, இவரை, என்றேன். அவர் ‘துலா’ என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையை நான் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதை எடுக்கச் சொன்னேன். ஹவல்தார் சிரித்தார். “ஏக் ஷப்த் கே லியே ஆயீ க்யா?” ஒரு வார்த்தைக்காகவா வந்தாய் என்று. ஆமாம், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன் என்றேன். எழுதியது எழுதியதுதான், இனி கோர்ட்டில் சொல்லிக்கொள் என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. நல்லதில்லை. ஊசியின் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. முதல் நாள் உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் தேட முடியவில்லையாம். ஸ்கேனில் ஒரு நெல் அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, இதயத்தின் சதைக்குள். அசையாமல் கிடந்தால் அப்படியே விட்டுவிடலாம், எத்தனையோ பேர் அப்படி வாழ்கிறார்கள் என்கிறார் டாக்டர். அசைந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தினமும் பார்க்கிறார்கள்.

அக்கா

*

16 ஜூலை 2025

அக்கா,

உன் கடிதத்தை ஷாகுல் பாய் ஆபீஸில் சத்தமாகப் படித்து, ‘தம்பி’ என்ற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்த ஜெயிலர் சாப் எல்லோருக்கும் இந்தியில் அர்த்தம் சொன்னாராம். பாரக்கில் எல்லோரும் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பஞ்சாபிக்காரன்கூட.

அத்தான் பேசிவிட்டார். எனக்கு அது போதும். ராத்திரி தூங்கினேன்.

நீ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். அந்த வார்த்தை எங்கேயும் ஓடிப்போகாது. அந்த முனைதான் ஓடும். டாக்டர் எடுக்க வேண்டும் என்றால் உடனே எடுக்கச் சொல். என் கேஸ் பாட்டுக்குக் கிடக்கட்டும்.

தம்பி

*

ஆஸ்பத்திரியிலிருந்து
19 ஜூலை 2025

தம்பி,

தபாலில் போட்டால் நாளாகும் என்று ஷ்ருதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். செம்பூரில் வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நம் கடிதத்தை எல்லாம் அவள் அம்மாதான் படித்துச் சொல்கிறாராம். அந்த அம்மா இப்போது உனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்கிறார்.

முனை அசைந்துவிட்டது. சதையிலிருந்து பாதி வெளியே வந்து ரத்தம் ஓடுகிற அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்துக்கொண்டு போனால் நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்கிறார் டாக்டர். அதோடு காய்ச்சல். அந்த இரும்பைச் சுற்றிக் கிருமி பிடித்துவிட்டது. மருந்து ஏற்றுகிறார்கள், இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இரும்பு உள்ளே இருக்கும்வரை காய்ச்சல் முழுசாகப் போகாது. எடுக்க வேண்டும் என்றால் இதயத்தை நிறுத்தி, மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, திறந்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை திறந்த நெஞ்சு. ஆபத்து இருக்கிறது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

உன் அத்தான் சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

“மேசையிலயே நான் போயிட்டேன்னா, அவன் மேல கொலை கேஸ்லா ஆயிரும். செத்தவன் வந்து சாட்சி சொல்லுவானா? மொதல்ல மாஜிஸ்ட்ரேட்ட வரச்சொல்லு. நடந்தத நான் சொல்லுதேன். அதுக்குப் பொறவு கிழிக்கட்டும்.”

சரி என்று அதற்கும் அலைந்தேன். மாஜிஸ்ட்ரேட் வரவேண்டும் என்றால், நோயாளி நல்ல நினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். காய்ச்சல் ஏறினால் அவர் ஏதேதோ உளறுகிறார், நேற்று என்னை அவர் அம்மா என்று நினைத்துவிட்டார். எப்படி எழுதித்தருவார்? இப்போது வாக்குமூலம் வாங்கினால், ஜுரத்தில் பிதற்றியது என்று கோர்ட்டில் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று ஷ்ருதியும் சொல்கிறாள். காய்ச்சல் போனால்தான் வாக்குமூலம். முனையை எடுத்தால்தான் காய்ச்சல் போகும். வாக்குமூலம் கொடுத்தால்தான் முனையை எடுக்க விடுவாராம். நான் இந்த மூன்றுக்கும் நடுவில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் உனக்காகச் சாகத் துணிகிறார், நீ அவருக்காக உள்ளே கிடக்கத் துணிகிறாய். இரண்டு பேருக்கும் நல்ல பெயர். நடுவில் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்காக யார் எதற்குத் துணிகிறீர்கள்? எனக்கு அவர் உயிரோடு வேண்டும் தம்பி. நீயும் வேண்டும். ஒன்றைத்தான் எடுத்துக்கொள் என்று யாராவது சொன்னால், அவரைத்தான் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. இதை உன்னிடமே எழுதுகிறேன் பார்.

நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். நீ எழுது. அவருக்கு எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா

*

21 ஜூலை 2025

அக்கா,

அவரைத்தான் சொல்ல வேண்டும். அதில் பயப்பட என்ன இருக்கிறது? நானும் அவரைத்தான் சொல்வேன்.

கீழே இருப்பது அத்தானுக்கு. அவருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிற நேரமாகப் பார்த்துப் படி. ஒரு வரியையும் விடாதே. கெட்ட வார்த்தை இருக்கும் இடத்தில் மட்டும் குரலைத் தணித்துக்கொள்.

அத்தான்,

உங்களுக்கு மூளை இருக்கிறதா? நெஞ்சில் இரும்பை வைத்துக்கொண்டு நாட்டாமை செய்கிறீர்கள். உங்கள் சாட்சி எனக்கு வேண்டாம். நீங்கள் செத்த பிறகு நான் வெளியே வந்து என்ன செய்யப்போகிறேன்? யாரோடு சண்டை போடுவேன்? பையில் தையல் கோணலாகப் போனால் யார் பின்மண்டையில் அடிப்பார்கள்?

அன்றைக்கு நீங்கள் ஊசியை ஓங்கியதில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம்தான். இன்னும் இருக்கிறது. என்மேல் எப்படிக் கை ஓங்க மனம் வந்தது என்று தினமும் நினைக்கிறேன். அதை உங்கள் முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். அதற்கு நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், நாயே. நாயே என்றதற்கு மன்னிக்கவும், மரியாதை தெரியாமல் இல்லை.

இப்போது நன்றாகக் கேளுங்கள். இந்தக் கடிதம் கேட்டதும் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், அடுத்த தேதிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும்போது, ஜட்ஜ் முன்னால் நின்று ‘நான்தான் குத்தினேன், வேண்டுமென்றே குத்தினேன்’ என்று சொல்லிவிடுவேன். அப்புறம் நீங்கள் எத்தனை மாஜிஸ்ட்ரேட்டை வரவழைத்தாலும் உங்கள் சாட்சி காலணாவுக்கு ஆகாது. நான் சொன்னால் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெயகணேஷ்

*

ஆஸ்பத்திரி, தியேட்டர் வாசல்
25 ஜூலை 2025

தம்பி,

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். நாயே என்ற இடத்தில் குரலைத் தணிக்கவில்லை, நன்றாக அழுத்தியே படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். கடைசி வரிக்கு வந்ததும், “செய்வான். கிறுக்குப்பய, செய்வான்” என்றார். “பேனாவக் குடு” என்றார். செல்லத்துரை என்ற பெயரில் பாதிதான் பேப்பரில் விழுந்தது. போதும் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

வாக்குமூலம் இல்லாமல்தான் போயிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இந்தக் கதவு வழியாக டாக்டர் வந்து தலையை ஆட்டினால் எனக்குப் புருஷன் இல்லை, உனக்கும் வெளியே வர வழி இல்லை. இரண்டுக்கும் ஒரே கதவு. இங்கே எல்லோரும் மொபைலைப் பார்த்துக்கொண்டு வடாபாவ் சாப்பிடுகிறார்கள். எனக்கு அவர்களை எல்லாம் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

கைப்பிடிகளைப் பார்த்தாலே எனக்குப் பயமாகிவிட்டது. தியேட்டர் கதவுக் கைப்பிடியை ஒரு வார்டுபாய் பிடித்து இழுத்தபோது ‘எடுக்காதே’ என்று கத்திவிட்டேன். அவன் மிரண்டுபோய்விட்டான்.

இன்னும் வரவில்லை.

ஷைஸ்தா டீ வாங்கி வந்தாள். அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி அவளிடம் கேட்டேன். நீ ஊசியை அமுக்கினாயா என்று. அவள், “நஹீ. பச்சே கோ பகட்தே ஹைன் நா, வைசே” என்றாள். இல்லை, குழந்தையைப் பிடிப்போமே, அந்த மாதிரி. இதை ஏன் போலீஸில் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றாள்.

இன்னும் வரவில்லை தம்பி. இவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லையே.

பேனா மாறியிருக்கிறது, கவனித்தாயா? பழையதை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. டாக்டர் வந்தார். அவர் முகமூடியைக் கழற்றுவதற்குள் நான் எழுந்து, விழுந்து, அவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். “இருக்கார்மா. இருக்கார். முனையை எடுத்தாச்சு” என்றார். எல்லாம் தைத்து முடித்த பிறகு இதயம் தானாகக் கிளம்பவில்லையாம். ஷாக் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பவில்லை. மறுபடி கொடுத்திருக்கிறார்கள். “அப்புறம் மெதுவா அடிக்க ஆரம்பிச்சுது. நான்கூட ஸ்வாமியைக் கூப்பிட்டுட்டேன்” என்றார். அவரும் உட்கார்ந்துவிட்டார், என் பக்கத்திலேயே, அந்த அழுக்கு பெஞ்சில்.

கண் விழிக்கட்டும். காய்ச்சல் போகட்டும். மாஜிஸ்ட்ரேட்டை நானே தோளில் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அக்கா

*

13 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஜாமீன் கிடைத்துவிட்டது. நாளைக் காலையில் விடுவார்கள். ஷ்ருதி உங்களிடம் சொல்லியிருப்பாள், ஆனால் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் நானே எழுதுகிறேன்.

அத்தான் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தார்கள். ஊசி தன் கையில்தான் இருந்தது என்று சொன்னதைக் கேட்டதும் ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பத்மஜா டாக்டர் எழுதிக்கொடுத்ததையும் படித்தார்கள். நீ ‘துலா’ பற்றி ஷ்ருதியிடம் எழுதிக்கொடுத்ததும் வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார். சாட்சி ஏன் பேச்சை மாற்றினாள், ஏனென்றால் எதிரி, அதாவது நான், ஜெயிலிலிருந்து கடிதம் எழுதி மாற்றியிருக்கிறான் என்றார். நம்முடைய கடிதங்கள் அக்கா. ஜெயில் ஆபீஸில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரியை மட்டும் மராட்டியில் எழுதிக்கொண்டுவந்து படித்தார். ‘நான்தான் குத்தினேன், வேண்டுமென்றே குத்தினேன்.’ முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அந்த ஒரு வரி மட்டும்.

ஜட்ஜம்மா என்னிடமே கேட்டார், இதை நீ எழுதினாயா என்று. எழுதினேன் என்றேன். ஏன் என்றார். “அத்தான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் பிடிச்சார் மேடம்” என்று இந்தியில் சொன்னேன். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. அந்தக் கடிதம் முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லி, மதியம்வரை எங்களை உட்கார வைத்து, படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன் கொடுத்தார். நாயே என்பதையும் மொழிபெயர்த்திருப்பார்கள்.

ஆனால் நிபந்தனை போட்டிருக்கிறார். சர்க்கார் வக்கீல் கேட்டதற்காக. கேஸ் முடியும்வரை நான் தாராவிக்குள் கால் வைக்கக் கூடாது. சாட்சிகளை, அதாவது உன்னையும் அத்தானையும், பார்க்கக் கூடாது, போன் செய்யக் கூடாது, எழுதக் கூடாது, யார் மூலமும் சொல்லி அனுப்பக் கூடாது. மீறினால் ஜாமீன் ரத்து. ஹைகோர்ட்டில் கேஸையே ரத்து செய்யக் கேட்கலாம், அத்தான் சம்மதம் கொடுத்தால் நடக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்கிறாள் ஷ்ருதி. வருஷமும் ஆகலாம்.

உள்ளே இருந்தவரை உனக்கு எழுத முடிந்தது. வெளியே போனால் முடியாது. நான் இன்றைக்குச் சாயங்காலம்வரைதான் உன் தம்பியாக எழுதலாம்.

செம்பூரில் வெங்கி அறையில் இருப்பேன். இதைத் தெரிந்து வைத்துக்கொள், வந்துவிடாதே. அத்தானையும் விடாதே. அவர் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிடுவார், எனக்குத் தெரியும். கதவைச் சாத்தித் தாழ் போட்டாவது உட்கார வை. அவர் என் அறை வாசலில் வந்து நின்றால் நான் திறக்கமாட்டேன் என்று நினைக்காதே, திறந்துவிடுவேன். அதனால்தான் சொல்கிறேன்.

அவருக்கு நெஞ்சில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாமே. இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல். பாரம் தூக்க விடாதே. என்மேல் கை ஓங்கியதைப் பற்றி நான் நேரில் கேட்பதற்காகவே வைத்திருக்கிறேன், அதைக் கேட்காமல் விடமாட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்.

இல்லை, நாளைக்கு அப்புறம் என்றால் அதைக்கூடச் சொல்லாதே. இன்றைக்கே சொல்லிவிடு.

ஷ்ருதி வாசலில் நிற்கிறாள், கடிதத்துக்குக் கை நீட்டுகிறாள். பதில் போடாதே அக்கா.

தம்பி